பூங்காவில் ஐந்து கிலோமீட்டர், கொல்லிமலையில் ஆயிரம் படி

தினமும் காலையில் பூங்காவைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நடக்கிற குழு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்துக் கொல்லிமலைக்குப் போகும். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கிக் குளித்துவிட்டு ஏறிவரும். செவ்வாய்க்கிழமை அதில் நாலைந்து பேர் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி பிசியோதெரபி அறைக்கு வருவார்கள். "டெய்லி நடக்கிறவங்கதானே நாங்க, எங்களுக்கு ஏன்?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி.

சமதரை நடையும் படி இறக்கமும் தொடைக்கு ஒரே வேலை அல்ல. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. பழக்கமில்லாத தசையில் இது நுண்ணிய சிதைவுகளை உண்டாக்கும். வலி அன்றைக்குத் தெரியாது; 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். மூன்றாவது மாடியில் இருந்தாலும் லிப்டில் வந்து போகிறவர்களுக்கு இந்தத் தசைப் பயிற்சி கிடைப்பதே இல்லை.

அறப்பளீஸ்வரர் கோயில் பக்கமிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஒரு படி 18 செ.மீ. என்று வைத்தாலும் ஆயிரம் படி 180 மீட்டர், ஏறக்குறைய 60 மாடி. இந்த இடத்தின் சிக்கலே வரிசை தலைகீழாக இருப்பதுதான். மற்ற மலைகளில் ஏறும்போதே மூச்சு வாங்கும், முடியாதவர் பாதியில் திரும்பிவிடுவார். இங்கே உற்சாகத்தில் எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள். களைத்த காலோடு, உச்சிவெயிலில், ஏற்றம் கடைசியில் காத்திருக்கிறது. வண்டி மேலே மட்டும்தான் நிற்கும். கீழே கணுக்கால் பிசகினால் ஆளைத் தூக்கிக்கொண்டுதான் அத்தனை படியும் ஏற வேண்டும்.

ஆகவே முடிவு மேலேயே எடுக்கப்பட வேண்டும். நூறு படி இறங்கியதும் நின்று, முப்பது படி திரும்ப ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத மூச்சிரைப்பு, முழங்கால் நடுக்கம், இதில் எது இருந்தாலும் அவர் கோயிலில் உட்கார்ந்திருக்கட்டும். துணைக்கு ஒருவர் கட்டாயம். கூச்சப்பட்டு மறைப்பவர்கள் அதிகம் என்பதால், "யார் யார் மேலே இருக்கப் போறீங்க?" என்று வேனிலேயே சாதாரணமாகக் கேட்டுவிடுவது நல்லது. நெஞ்சு அழுத்தம் என்று சொன்னவருக்கு உட்கார்ந்ததும் சரியாகிவிட்டாலும், அன்றே இசிஜி எடுத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பயணத்துக்கு நான்கு வாரம் இருக்கும்போதே வாரம் இரண்டு நாள் படிப் பயிற்சி தொடங்கலாம். முதல் வாரம் 60 படி, பிறகு மெல்லக் கூட்டி 300 வரை. ஏறுவதைவிட நிதானமாக இறங்குவதே இங்கே பயிற்சி. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஒரு சின்ன விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடி வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். வலிக்கிற பக்கமே தடியை ஊன்றுகிறவர்கள்தான் பெரும்பாலானோர்.

மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். குமட்டலுக்குப் போடும் மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைப்பவை. அதைப் போட்டுக்கொண்டு ஈரப் படியில் இறங்குவது ஆபத்து. முன் இருக்கை, தூரத்தில் பார்வை, எண்ணெய் இல்லாத இரண்டு இட்லி, இவை போதும் பலருக்கு.

சர்க்கரை நோயாளிகள் தடுமாறுவது இந்தக் காலைப் பயணத்தில்தான். ஐந்து மணிக்கு வேன் ஏறும்போது வழக்கம்போல மாத்திரையைப் போட்டுவிடுவார்கள். டிபன் ஒன்பது மணிக்கு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அதற்குள் சர்க்கரை இறங்கிவிடும். நடை அதை இன்னும் இறக்கும். அன்றைய மருந்தளவை மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். வியர்வை, கை நடுக்கம், சம்பந்தமில்லாத கோபம், குழப்பம் தெரிந்தால் வெயில் என்று நினைத்து நிழலில் படுக்க வைத்துவிடாதீர்கள். விழுங்கும் நினைவு இருந்தால் உடனே 15 கிராம் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டி. 15 நிமிடம் கழித்தும் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு பிஸ்கட்டோ வாழைப்பழமோ. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். ஒரே மூச்சில் குடிக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் அந்த அளவைத் தாண்டக் கூடாது. ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடியின் பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது; அதை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுக்கும் தவறு அடிக்கடி நடக்கிறது. வெயிலில் உடல் கொதித்துப் பேச்சு குழறினால் அது வெப்பத் தாக்கு. அங்கேயே தண்ணீரை ஊற்றி, விசிறி, குளிர வைத்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். பள்ளத்தில் சிக்னலை நம்ப முடியாது. மேலே இருக்கும் துணை ஆளின் வேலை அங்கே வருகிறது.

காலணிக்கு வருவோம். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் இடித்துக் கறுத்துப்போகும். நாலைந்து வருடம் அலமாரியில் கிடந்த ஷூவை எடுத்து வராதீர்கள். உள்ளடுக்கு நுரை மக்கி, நடுவழியில் அடிப்பகுதி கழன்று வாய் பிளக்கும். குளித்த ஈரக்காலில் அப்படியே காலுறை மாட்டி ஏறுவதுதான் கொப்புளத்துக்குக் காரணம். இன்னொரு ஜோடி காலுறையும் ஒரு சின்னத் துண்டும் பையில் இருந்தால் போதும்.

குழுவாகப் போகும்போது வேகத்தை முடிவு செய்ய வேண்டியவர் கடைசி ஆள். வழி தெரிந்த ஒருவர் முன்னால். அவரை யாரும் முந்தக் கூடாது. பொறுமையான, உடல் தெம்புள்ள ஒருவர் கடைசியில். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. எல்லோருக்கும் எண் கொடுத்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணைச் சொல்ல வையுங்கள். வழக்கமாக நடக்கிற அநியாயம் ஒன்று உண்டு: முன்னால் போனவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள், கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் எழுந்துவிடுவார்கள். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. ஓய்வு நேரத்தை அவர் உட்கார்ந்த பிறகு எண்ணத் தொடங்குங்கள், ஐந்து நிமிடம். ஏற்றத்துக்குத் தாராளமாக நேரம் ஒதுக்கி, ஐம்பது படிக்கு ஒரு நிறுத்தம் வைத்தால் அவசரம் இருக்காது. மதியச் சாப்பாடு ஏறி முடித்த பிறகுதான்.

கால் வலிக்கு நல்லது என்று சொல்லிக் கொல்லிமலையில் விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பைத் தாராளமாகக் குடியுங்கள், மிளகு வாசத்தோடு நன்றாகவே இருக்கும். நான்கு வாரப் பயிற்சிக்கு அது மாற்று ஆகாது.

வீடு திரும்பியதும் வலி மாத்திரைக்குப் பாயாதீர்கள். உடலில் நீர் குறைந்திருக்கும்போது டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். மெதுவான சமதரை நடையும் நிறைய நீரும் நாலைந்து நாளில் சரிசெய்துவிடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, முழங்கால் வீங்கி மடக்க முடியாமல் போனாலோ மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் தசைச் சிதைவு சிறுநீரகத்தைப் பாதிக்கும் அளவுக்குப் போயிருக்கலாம்; அன்றிரவே மருத்துவமனை.