கணக்கு முடங்கியதும் பத்தொன்பதாம் பிரிவைத் தேடி ஓடாதீர்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள என் வழக்கறிஞர் அலுவலகத்திற்கு ஒரே குறையோடு இந்த மாதம் மூன்று பேர் வந்துவிட்டார்கள். மூன்றாமவர் ஏற்காட்டு மலைக்கிராம இளைஞர். ஊருக்குச் சாலை வராதது குறித்து மக்கள் பிரதிநிதியைக் கேள்வி கேட்டு எழுதிவந்தவரின் கணக்கை ஒரு சமூக ஊடக நிறுவனம் முடக்கிவிட்டது. உட்கார்ந்ததும், “சார், பேச்சுரிமையைப் பறிச்சுட்டாங்க, ஐகோர்ட்டுல ரிட் போடலாமா?” என்றார். பெரும்பாலும் அரசு அமைப்புகளுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனுதான் ரிட்.

எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் மனதில் பதிவதில்லை. அரசியல் சாசனத்தின் 19(1)(ஏ) பிரிவு தரும் பேச்சுரிமை அடிப்படையில் அரசுக்கு எதிரான உரிமை. 12-ஆம் பிரிவு கூறும் ‘அரசு’ என்பதற்குள், கோடிக்கணக்கானோர் பேசும் மேடையே ஆனாலும், தனியார் நிறுவனம் வராது. அமெரிக்க நிறுவனம்தானே, அங்கே சுதந்திரம் அதிகமாயிற்றே என்பார்கள். பேச்சுரிமையைக் காக்கும் அந்நாட்டு அரசியல் சாசனத்தின் முதல் சட்டத்திருத்தம் தடுப்பதும் அரசைத்தான். 2021 ஜனவரியில், பதவியில் இருந்த அதிபர் டிரம்பின் கணக்கையே ட்விட்டர் முடக்கியது. உச்ச நீதிமன்றத்தின் 2015-ஆம் ஆண்டு ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பை அச்செடுத்து வருகிறவர்களும் உண்டு. அதில் ரத்தானது, இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கி நாடாளுமன்றம் இயற்றிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, நிறுவனம் வகுத்த விதி அல்ல.

கௌசல் கிஷோர் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், இவ்வுரிமையைத் தனியாருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்றார்கள். அதை வைத்து நான் வாதாடத் தயார். ஆனால் மாற்று நிவாரணத்தை நாடினீர்களா என்று நீதிபதி கேட்கும்போது வழக்குப் போட்டவர் விழிக்கக் கூடாது.

அந்த நிவாரணம் 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில் இருக்கிறது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களைக் கொண்ட நிறுவனம் ஒரு பதிவைத் தானாகவே நீக்கினால், காரணத்தைத் தெரிவித்து, மறுப்புச் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். அதன் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் அவர் ஒப்புக்கொண்டாக வேண்டும். அவர் பதில் திருப்தி தராவிட்டால், 30 நாட்களுக்குள் மத்திய அரசு அமைத்துள்ள மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையம் வழியாகவே போகலாம். அரசை விமர்சித்தவர் அரசு அமைத்த குழுவிடமே முறையிட வேண்டியிருப்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனாலும் அந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

அதற்கும் முன்னால் நிறுவனம் அனுப்பிய அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். ‘சட்டப்படியான கோரிக்கையின் பேரில் இந்தியாவில் மறைக்கப்பட்டுள்ளது’ என்றிருந்தால், பின்னணியில், இணையப் பதிவுகளை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் அரசு ஆணையோ நீதிமன்ற உத்தரவோ இருக்கக்கூடும். அரசு ஆணை என்றால் ரிட் மனுவுக்கு இடமுண்டு, வழக்கே வேறு.

அந்த இளைஞரிடம் இருந்தது ஒரே ஒரு படம், நண்பரின் கைபேசியால் தன் கைபேசித் திரையை எடுத்தது. தேதி இருந்த மேல் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. காரணம் எழுதியிருந்த வரியின் மேல் ட்யூப்லைட் வெளிச்சம் விழுந்திருந்தது. கோபத்தில் செயலியையும் மின்னஞ்சலையும் அழித்துவிட்டார். மின்னணுச் சாட்சியத்திற்குச் சான்றிதழ் கேட்கும் நீதிமன்றத்தில் இதை வைத்து நான் என்ன செய்வது?

எழுதும் பதிவை அன்றன்றே தனியாகச் சேமியுங்கள். அறிவிப்பைத் தேதி தெரியப் படமெடுங்கள், மின்னஞ்சலை அழிக்காதீர்கள், புதுக் கணக்கு தொடங்கி அதே நிறுவனத்தைத் திட்டாதீர்கள். தயவுசெய்து, இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி என்னிடம் வருவதற்கு முன்பு, புகாரை அனுப்பி அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.