ஆஸ்டியோபெட்ரோசிஸ்: கல்லெலும்பு நோய்

ஆஸ்டியோபோரோசிஸ் என்பதோடு இந்தப் பெயரைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. இரண்டும் நேரெதிர். போரோசிஸில் எலும்பு அடர்த்தி குறைந்து புரைவிடும், அதுதான் எலும்புப்புரை. பெட்ரோசிஸில் எலும்பு அளவுமீறி இறுகிவிடும்.

கிரேக்கத்தில் 'ஆஸ்டியோன்' எலும்பு, 'பெட்ரோஸ்' கல். ஹாம்பர்க் நகரின் எக்ஸ்ரே மருத்துவர் ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க் 1904இல் இந்நோயை முதலில் விவரித்தார். பளிங்கெலும்பு நோய் என்றும் சொல்வதுண்டு. எனக்குக் 'கல்லெலும்பு நோய்' என்பதே பிடித்திருக்கிறது. கல் கடினமானது, ஆனால் வளைந்துகொடுக்காது, அடிபட்டால் உடையும். இந்த எலும்பும் எக்ஸ்ரேயில் வெள்ளைவெளேரென்று தெரியும், ஆனால் எளிதில் முறியும்.

ஏன் இப்படி ஆகிறது? எலும்பு ஓயாமல் புதுப்பிக்கப்படும் திசு. ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் கட்டும், ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பழையதைக் கரைக்கும். கரைப்பவை எலும்பின்மேல் ஒட்டிக்கொண்டு அமிலத்தைச் சுரந்து, அதன் தாதுவைக் கரைக்கின்றன. அமிலத்தை வெளியே தள்ளும் பம்பின் ஒரு பகுதியை உருவாக்குவது டிசிஐஆர்ஜி1 என்ற மரபணு. அமிலம் சுரக்கத் துணைநிற்பது சிஎல்சிஎன்7 என்ற இன்னொரு மரபணு. இவற்றில் பிழை வந்தால் செல் இருக்கும், வேலை நடக்காது. பழைய எலும்பு போகாமலே புதியது சேர்ந்துகொண்டிருக்கும். எலும்புக்குள் ரத்தத்தை உருவாக்கும் மஜ்ஜைக்கு இடம் சுருங்கி ரத்தசோகை வரும். மண்டையோட்டுத் துளைகள் குறுகி நரம்புகள் நசுங்கினால் பார்வையும் கேட்கும் திறனும் போகலாம்.

கடுமையான வகை சுமார் 2,50,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வரும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையுள்ள மரபணு வந்தால்தான் அது வெளிப்படும். அதனால் நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுகிறது. நம் ஊர் மாமன் மகள், அத்தை மகன் திருமணங்களும் இதில் சேர்த்திதான். பெரியவர்களிடம் காணப்படும் மிதமான வகைக்கோ ஒருவரிடமிருந்து வரும் பிழையே போதும், பெரும்பாலும் சிஎல்சிஎன்7இல்.

கரைக்கும் செல்கள் பிறப்பது ரத்தத்தை உருவாக்கும் மூலச்செல்களிலிருந்து. ஆகவே மஜ்ஜை மாற்று சிகிச்சையால் பல குழந்தைகளைக் காப்பாற்ற முடிகிறது. ஆனால் ஏற்கெனவே போன பார்வை பெரும்பாலும் திரும்பாது, சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் முக்கியம். அப்புறம், மரபணுச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. கரைக்கும் செல் உருவாகத் தேவையான ராங்க்எல் என்ற சமிக்ஞைப் புரதமே இல்லாத குழந்தைக்கு மஜ்ஜை மாற்றினாலும் பலன் இல்லை, ஏனென்றால் அந்தச் சமிக்ஞை ரத்த மூலச்செல்களிலிருந்து வருவதில்லை.