ஃபார்மில் ‘தமிழ்’ என்றே எழுதுங்கள்

பள்ளி ஃபார்மில் பெற்றோர் வீட்டு மொழியை மாற்றி எழுதியதால் மாட்டிக்கொண்ட குழந்தைகளில், இந்தக் கல்வியாண்டில் மட்டும் இது ஐந்தாவது குழந்தை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூ ஜெர்சியில் ஒரு அரசுப் பள்ளியில் இஎஸ்எல் ஆசிரியையாக இருக்கிறேன். அதாவது, வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்றுத்தரும் வேலை. பள்ளியில் சேர்க்கும்போது உங்களிடம் ஒரு ஃபார்ம் தருவார்கள். குழந்தை முதலில் கற்ற மொழி எது, வீட்டில் அதிகம் பேசுவது எது என்று சில கேள்விகள் இருக்கும். அதில் நம் தமிழ்ப் பெற்றோர் எல்லாக் கேள்விக்கும் ‘இங்கிலீஷ்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அப்புறம் நவம்பர் மாதப் பெற்றோர் சந்திப்பில், என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, “ஏம்ப்பா, மிஸ் கேக்குறாங்கள்ல, சொல்லு” என்கிறார்கள்.

ஐந்தாவது குழந்தையின் கதை இது. மூன்றாம் வகுப்புப் பையன். முதல் வகுப்புக்கு நடுவில் சென்னையிலிருந்து வந்தவன். மைன்கிராஃப்ட் வீடியோ கேம் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த ஊர்ப் பையன் என்றே நினைப்பீர்கள். ஆனால் கணக்கில் மட்டும் தொடர்ந்து சறுக்கினான். கற்றல் குறைபாடாக இருக்குமோ என்று வகுப்பாசிரியை பரிசோதனைக்கு எழுதிவிட்டார். அந்தக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டதால் அவனை அழைத்து ஒரு கணக்கு கொடுத்தேன். ‘மாயா ஹாஸ் ட்வெல்வ் ஃபியூவர் ஸ்டிக்கர்ஸ் தேன் லியோ.’ மாயாவிடம் 30 இருக்கிறது, லியோவிடம் எத்தனை?

பையன் யோசிக்கவே இல்லை, பதினெட்டு என்றான். ‘ஃபியூவர்’ என்று பார்த்ததும் கழித்துவிட்டான். அதே கணக்கைத் தமிழில் சொன்னேன்: “லியோகிட்ட இருக்கறதைவிட மாயாகிட்ட பன்னெண்டு கம்மி. மாயாகிட்ட முப்பது இருக்கு.” உடனே, “அப்ப லியோகிட்ட ஃபார்ட்டி டூ” என்றான். எண்ணை ஆங்கிலத்தில்தான் சொன்னான், அது பரவாயில்லை. கணக்கு அவனுக்கு வருகிறது. (இங்கேயே பிறந்து ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகளும் இதே கணக்கில் தடுக்கி விழுவதுண்டு. அவர்களுக்கு இப்படி இன்னொரு மொழியில் சொல்லிப் பார்க்க வழியில்லை.)

ஆங்கிலம் போதாமையே முக்கியக் காரணமாக இருந்தால், குழந்தைக்குக் குறைபாடு என்று முடிவு கட்டக்கூடாது என்று சிறப்புக் கல்விக்கான கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. ஆனால் ஃபார்மில் ‘இங்கிலீஷ்’ என்று இருக்கும்போது அந்தச் சந்தேகம் யாருக்கு வரும்? இரண்டு வருடம் அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய உதவியைத் தடுத்தது அவனுடைய அப்பா அம்மா எழுதிய அந்த ஒரு சொல்.

சரி, ஏன் ‘இங்கிலீஷ்’ என்று எழுதுகிறார்கள்? கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “இஎஸ்எல்னு போட்டா முத்திரை குத்திடுவாங்க, மேடம். மட்டமான கிளாஸ்ல தள்ளிடுவாங்க. அப்புறம் கிஃப்டட் புரோகிராம் கிடைக்காது.”

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இஎஸ்எல் சிறப்புக் கல்வியில் சேராது. இரண்டுக்கும் சட்டம் வேறு, ஆசிரியர் வேறு, ஃபைல்கூட வேறு. இஎஸ்எல்லில் இருக்கும் குழந்தை என்பதற்காக, கிஃப்டட் என்கிற, அதிகத் திறமையுள்ள பிள்ளைகளுக்கான வகுப்பிலிருந்து ஒதுக்கவும் முடியாது. என்னிடம் இருந்துகொண்டே அங்கும் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இது ஆயுள் தண்டனையும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை ‘ஆக்சஸ்’ என்ற தேர்வு வைக்கிறோம். கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது என நான்கையும் பார்ப்போம். 6-க்கு 4.5 வாங்கி, ஆசிரியர்களும் சரி என்றால் வெளியே வந்துவிடலாம். அதன் பிறகும் இரண்டு வருடம் கவனித்துக்கொண்டிருப்போம். கல்லூரி விண்ணப்பத்தில் இந்த வகுப்பைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. மூன்றாம் வகுப்பிலேயே கல்லூரிக் கவலையா என்று நான் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும், விடுங்கள்.

“அவன்தான் நல்லா பேசறானே?” இது அடுத்தது. பேசுகிறான்தான். விளையாட்டு மைதானத்து ஆங்கிலம் இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தக ஆங்கிலம் பிடிபட ஐந்து முதல் ஏழு வருடம்கூட ஆகும். கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் நாற்பது வருடத்துக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார். ‘டேபிள்’ என்றால் சாப்பிடும் மேசை என்று தெரியும் பிள்ளைக்கு அறிவியல் புத்தகத்து ‘டேபிள்’, அதாவது அட்டவணை, புதுசு. அவனுக்கு ‘வால்யூம்’ டிவி ரிமோட்டில் இருப்பது, கன அளவு இல்லை. ‘ப்ராடக்ட்’ அமேசானில் வருவது, பெருக்கினால் வரும் விடை இல்லை.

போன மாதம் எங்கள் கல்வி வாரியக் கூட்டத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பட்ஜெட் நேரம். இரண்டு இஎஸ்எல் பணியிடங்களைக் குறைப்பது பற்றிய பேச்சு. மைக் முன் வந்தவர்களில் நம் ஊர்க்காரர் ஒருவர். “எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே டீச்சர். இதுக்கு மேல தனியா எதுக்கு? எங்க வரிப்பணம்தானே?” என்று கேட்டார். கைதட்டலும் கிடைத்தது.

இந்தக் கேள்விக்குப் பதில் வந்து ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. சான்ஃபிரான்சிஸ்கோவில் சீன வம்சாவளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,800 பேர், எந்த உதவியும் இல்லாமல், புரியாத வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரே புத்தகமும் ஒரே ஆசிரியரும் கொடுத்துவிட்டால் அது சமத்துவமாகிவிடாது, மொழி புரியாத பிள்ளைக்கு அது கல்வியே இல்லை என்று 1974-இல் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. லாவ் எதிர் நிக்கல்ஸ் என்பது வழக்கின் பெயர். இன்று உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும் உதவி அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் வாங்கிக்கொடுத்தது.

வரிப்பணக் கணக்குக்கும் வருகிறேன். ஆங்கிலம் கற்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மாநிலம் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கும் சூத்திரத்தில் கூடுதல் மதிப்பு உண்டு. நீங்கள் ஃபார்மில் மறைத்தால் அதுவும் கணக்கில் வராது. ஒரு பள்ளி மாவட்டத்தில் ஒரே மொழி பேசும் இப்படிப்பட்ட குழந்தைகள் 20 பேர் இருந்தால் அந்த மொழியில் இருமொழி வகுப்பு வைக்க வேண்டும், முடியாவிட்டால் விலக்குக் கேட்டு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது இங்குள்ள விதி. எங்கள் பட்டியலில் ஸ்பானிஷ் இருக்கிறது, குஜராத்தி இருக்கிறது. தமிழைத் தேடினால் ஏழு பேர். பள்ளி விட்டதும் வாசலில் நின்று பாருங்கள், எத்தனை தமிழ்க் குரல் கேட்கிறது என்று.

விசா பயம் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 2025 மார்ச்சில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்த உத்தரவு வந்ததிலிருந்து, தமிழ் என்று எழுதினால் கிரீன் கார்டுக்கு இடைஞ்சலா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அந்த ஃபார்ம் குடியுரிமைக்காக வாங்குவதே இல்லை. ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கிய அரசு ஆலோசனைக் கடிதம் ஒன்றைத் திரும்பப் பெற்றார்கள் என்பது உண்மை. ஆனால் லாவ் தீர்ப்பும் 1974-இன் சம வாய்ப்புக் கல்விச் சட்டமும் அப்படியே இருக்கின்றன.

ஆகவே, ஃபார்மில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஏற்கெனவே மாற்றி எழுதியிருந்தால் பள்ளி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், யாரும் திட்டமாட்டார்கள். குழந்தையை இஎஸ்எல்லில் சேர்ப்பது பற்றி, கல்வியாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் உங்களுக்கு ஒரு கடிதம் வரும். அதைப் படியுங்கள், மூலையில் போடாதீர்கள். வகுப்பு வேண்டாம் என்றால் கையெழுத்துப் போட்டு மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அதற்குப் பொய் சொல்லத் தேவையே இல்லை. மறுத்தாலும் வருடாந்திரத் தேர்வு மட்டும் நடக்கும்.

அப்புறம், தயவுசெய்து வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். ‘கம்மி’ என்பது என்னவென்று தமிழில் தெரிந்த பிள்ளைக்கு ‘ஃபியூவர்’ என்ற சொல்லை மட்டும்தான் நான் கற்றுத்தர வேண்டும். தெரியாத பிள்ளைக்கு இரண்டையும் கற்றுத்தர வேண்டும்.

அந்தப் பையனின் பரிசோதனையை நிறுத்தி வைத்திருக்கிறோம். அவன் அம்மா வந்து ஃபார்மைத் திருத்திக் கொடுத்துவிட்டார். கிளம்பும்போது வாசலில் நின்று, “ஊர்லேருந்து அத்தை வந்திருக்காங்க மேடம். அவன்கிட்ட தமிழ்ல பேசவேண்டாம்னு சொல்லி வச்சிருந்தேன். ரெண்டு மாசமா அவங்க பேசறதையே கொறச்சுட்டாங்க” என்றார். இன்றைக்கே போய்ப் பேசச் சொல்லுங்கள் என்றேன்.