பச்சையான நீச்சல் தடாகத்தை இறைத்துக் கொட்டாதீர்கள்

ஆடி பிறந்துவிட்டால் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே விசயத்தைத்தான் சொல்லும். "நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வாறம் தம்பி. வீட்டுப் பூல் பச்சையாக் கிடக்குதாம். முழுத் தண்ணியையும் இறைச்சு ஊத்திப்போட்டுக் கழுவி நிரப்பி விடுங்கோ." யாழ்ப்பாணத்தில் கொக்குவில், இணுவில், கோப்பாய்ப் பக்கங்களில் புலம்பெயர்ந்த உறவுகள் கட்டும் வீடுகளில் நீச்சல் தடாகம் இப்போது அபூர்வம் அல்ல. வருடத்தில் சில வாரங்கள் குளிப்பார்கள். மீதிக் காலம் மோட்டர் ஓடாது, வேப்பஞ்சருகும் மாவிலையும் விழுந்து ஊறும். இந்தத் தடாகங்களைப் பராமரிப்பதுதான் என் தொழில். அந்த அழைப்புகளுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: இறைக்க வேண்டாம், கிடக்கிற தண்ணீரையே திருத்தலாம்.

8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி 1.5 மீற்றர் ஆழம் என்றால் 48,000 லீற்றர். இதை நிரப்ப எங்களிடம் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீர்தான் இருக்கிறது, அதுவும் கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. நிலாவரை ஆழ்கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். குடாநாட்டின் கிணறுகளுக்குக் கீழும் கதை இதுதான். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் இறங்கினால், கீழே உவர்நீர் 40 மீற்றர் வரை மேலெழ இடம் உண்டு என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. கோடையில் பெரிய மோட்டர் பூட்டி ஒரே மூச்சில் ஒரு தடாகத்தை நிரப்பினால் உங்கள் கிணறு மட்டுமா சவராகும்? பக்கத்து வளவுக்காரர் குடிப்பதும் அதே தண்ணீரைத்தான்.

மாரியில் இறைப்பது இன்னும் ஆபத்து. கார்த்திகை, மார்கழியில் வலிகாமத்தின் பல இடங்களில் கிணறு வாய்முட்ட வந்துவிடும். அப்போது தடாகத்தை வெறுமையாக்கினால் உள்ளே அழுத்திக்கொண்டிருந்த 48 தொன் பாரம் இல்லாமல் போகிறது. வெளியே நிற்கும் நிலத்தடி நீர் தொட்டியை அப்படியே மேலே தூக்கும். தளம் வெடிக்கும், குழாய்கள் முறியும். அதன் பிறகு செய்வது திருத்த வேலை அல்ல, புதுக் கட்டட வேலை.

அதற்காகப் பச்சையாகவே விட்டுவிடவும் முடியாது. தேங்கிய நீரில் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாட்கள் போதும். நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எழுதினால் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்காக இங்கே காவலுக்கு நிற்கும் ஐயாதான் நீதிமன்றம் ஏற வேண்டிவரும். அதைவிட எனக்குப் பயம் தருவது வேறொன்று. அடி தெரியாத தண்ணீருக்குள் ஒரு பிள்ளை விழுந்தால், கரையில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. தண்ணீர் தெளியும்வரை தடாகத்தைச் சுற்றி மறிப்புக் கட்டுங்கள். எலி செத்து மிதக்கும் தண்ணீருக்குள் இறங்கிச் சுத்தம் செய்யவும் வேண்டாம். 2024 டிசெம்பரில் எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்ததை மறந்துவிடக்கூடாது. நீண்ட தடி வலையால் கரையில் நின்றே சருகை அள்ளலாம். சருகு கிடக்கும்வரை போடுகிற குளோரின் முழுவதையும் அதுவே தின்றுவிடும்.

அடுத்தது சோதனை. "ஒரு வாளி குளோரின் கொட்டினனான், தண்ணி மாறேல்லை அண்ணை" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பி.எச். (தண்ணீரின் அமில, கார நிலையைக் காட்டும் அளவு) எவ்வளவு, ஸ்டெபிலைசர் (வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் மருந்து) எவ்வளவு என்பதைத்தான். பெரும்பாலும் இரண்டையும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் கல்லாகப் படிகிற தண்ணீர். கல்சியமும், காரத்தன்மையும் (அமிலத்தை எதிர்த்து நிற்கும் சக்தி) கூட. தடாகத்துக்குக் காரத்தன்மை லீற்றருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது (கீழே குளோரினுக்கும் ஸ்டெபிலைசருக்கும் சொல்லும் அளவுகளும் இதே அலகில்தான்). இங்கே கிணற்றிலிருந்து வரும்போதே 200ஐத் தாண்டியிருப்பது புதுமை இல்லை. அப்படிப்பட்ட நீரிலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேற வெளியேற பி.எச். தானாகவே ஏறிக்கொண்டு போகும். குளோரினின் கிருமி கொல்லும் வடிவம், ஸ்டெபிலைசர் இல்லாத நீரில், பி.எச். 7.5 இல் ஏறத்தாழப் பாதியாக இருக்கும், 8.5 இல் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச்.ஐ 7.2க்குக் கொண்டுவாருங்கள். 48,000 லீற்றரில் 32 சதவீத அமிலம் ஒரு லீற்றர் ஊற்றினால் காரத்தன்மை ஏறத்தாழ 10 குறையும். ஒரே தடவையில் முழுவதையும் ஊற்றாமல் பாதியை ஊற்றி, மோட்டரைச் சில மணிநேரம் ஓடவிட்டு, திரும்பச் சோதியுங்கள். குளோரின் போடுவதற்கு முன்பே இதை முடிக்கவேண்டும். குளோரின் 10ஐத் தாண்டினால் பி.எச். சோதனைத் துளியின் நிறமே பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

ஸ்டெபிலைசர் என்பது சயனூரிக் அமிலம். எங்கள் வெயிலில் அது துளியும் இல்லாவிட்டால் காலையில் போட்ட குளோரின் மத்தியானத்துக்கு முன்பே போய்விடும். 30 முதல் 50 வரை வேண்டும். ஆனால் நான் பார்க்கும் தடாகங்களில் பிரச்சினை குறைவால் வருவதில்லை, கூடுதலால் வருகிறது. மிதவைக்குள் போடும் வெள்ளைக் குளோரின் குளிசையில் சயனூரிக் அமிலமும் சேர்ந்தே இருக்கிறது. குளிசை 10 மில்லிகிராம் குளோரின் கொடுத்தால் கூடவே 6 மில்லிகிராம் இதையும் விட்டுப்போகும். லீற்றருக்கு நாளுக்கு 2 மில்லிகிராம் குளோரின் என்று ஒரு மாதம் போட்டால் குளோரின் அன்றன்றே அழிந்துவிடும், ஸ்டெபிலைசர் மட்டும் 36 ஏறி அங்கேயே கிடக்கும். மூன்று மாதத்தில் 100ஐத் தாண்டும். அவ்வளவு ஸ்டெபிலைசர் குளோரினைப் பிடித்துவைத்துக்கொள்வதால், அதன் பிறகு சோதனையில் குளோரின் 2 என்று காட்டினாலும் பாசி வளரும். ஸ்டெபிலைசர் அளவின் ஏழு, எட்டுச் சதவீதமாவது குளோரின் எந்நேரமும் நிற்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் நாங்கள் பிடிக்கும் கணக்கு.

இதைச் சோதிக்கும் விதம் எளிது. தடாகத்து நீரையும் சோதனைத் திரவத்தையும் சம அளவில் கலந்தால் பால்போல் கலங்கும். அடியில் கறுப்புப் புள்ளி உள்ள குழாய்க்குள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேலிருந்து பார்க்கவேண்டும். புள்ளி கண்ணுக்கு மறையும் இடத்தில் உள்ள கோடுதான் அளவு. வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, குழாயை இடுப்பளவில் உங்கள் நிழலுக்குள் பிடித்துப் பாருங்கள். நேர் வெயிலில் பிடித்தால் அளவு பிழைக்கும்.

இனித்தான் குளோரின். நான் விரும்புவது திரவக் குளோரின், சோடியம் ஹைப்போகுளோரைட்டு. அது கல்சியத்தையும் கூட்டாது, ஸ்டெபிலைசரையும் கூட்டாது. கடையில் வெயிலில் நின்ற கான்களை வாங்காதீர்கள், வீரியம் போயிருக்கும். ஸ்டெபிலைசர் 30 உள்ள தடாகத்துக்கு 12 வரை குளோரின் ஏற்றி அதே அளவில் வைத்திருக்க வேண்டும். 48,000 லீற்றருக்கு 10 சதவீதத் திரவம் 6 லீற்றர் அளவில் தேவை. முதல் நாள் போட்டது சில மணிநேரத்திலேயே காணாமல் போகும். திரும்பச் சோதித்து, குறைந்ததை நிரப்பி, மோட்டரை நிறுத்தாமல் ஓடவிட்டு, சுவரைத் தேயுங்கள். பச்சை சாம்பல் வெள்ளையாகும், பிறகு மெல்லத் தெளியும். பில்டரின் அழுத்தம் 8, 10 பி.எஸ்.ஐ. கூடினால் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுப் பில்டரைக் கழுவுங்கள். பொழுதுபட்ட பின் ஒரு தடவையும் விடியமுன் ஒரு தடவையும் குளோரினை அளந்து, வித்தியாசம் 1க்குள் வந்தால் உயிருள்ள பாசி மிச்சம் இல்லை என்று அர்த்தம். தண்ணீர் தெளிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் நிறுத்தவேண்டியது இந்த அளவு வந்த பிறகுதான்.

கிணற்றுக்குப் போடும் ரீ.சி.எல். பவுடரை (வெளிற்றும் தூள்) தடாகத்தில் கொட்டுவது எங்கள் ஊரில் சாதாரணம். அதில் சுண்ணாம்பு நிறைய உண்டு. ஏற்கெனவே கல்லுத் தண்ணீரில் அதைக் கொட்டினால் பி.எச். இன்னும் ஏறி, தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி, தட்டோடுகளில் கல் படியும். மயில்துத்தம் போடுபவர்களும் இருக்கிறார்கள். பாசி சாகும்தான், ஆனால் செம்பு நீரிலேயே நின்று சுவரில் கறை விடும், வெளுத்த தலைமயிரைப் பச்சையாக்கும்.

ஸ்டெபிலைசர் 100ஐத் தாண்டிவிட்டால் தண்ணீர் மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. அதையும் மாரி தொடங்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். மேலே சொன்ன தடாகத்தில் ஒரு அடி இறக்கினால் ஐந்தில் ஒரு பங்கு போகும். முதல் மழை கூரையைக் கழுவிப்போன பின் பீலித் தண்ணீரைத் திருப்பிவிட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். மூன்று தடவை இப்படிச் செய்தால் 100 இருந்தது 50 அளவுக்கு வந்துவிடும். மழைநீரில் கல்சியமும் காரத்தன்மையும் இல்லாததால் அவையும் சேர்ந்து இறங்கும். கிணற்றில் ஒரு வாளிகூட இறைக்கத் தேவையில்லை.

வெளியே விடும் தண்ணீரைக் கிணற்றடிக்கோ மரக்கறித் தோட்டத்துக்கோ விடவேண்டாம். குளோரின் போடுவதை நிறுத்தி, வெயிலில் அது இறங்கிப் பூச்சியம் காட்டிய பிறகு, கிணற்றிலிருந்து தள்ளி வளவின் மறுபக்கத்தில் விடுங்கள். மயில்துத்தம் போட்ட தண்ணீர் என்றால் மண்ணில் விடுவதற்கு முன் எங்களைப் போன்ற ஒருவரிடம் கேளுங்கள்.

அமிலமும் குளோரினும் ஒரே அறையில் இருக்கக்கூடாது. இரண்டும் கலந்தால் கிளம்பும் வாயு நுரையீரலை எரிக்கும். குளிசையையும் ரீ.சி.எல். போன்ற பவுடரையும் ஒரே வாளியில், ஒரே மிதவையில் போடவே போடாதீர்கள். ஈரம் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். அமிலத்தைத் தண்ணீருக்குள்தான் ஊற்றவேண்டும், அமிலத்துக்குள் தண்ணீரை அல்ல. வீடு பார்க்கும் ஐயாவிடமோ அக்காவிடமோ சாவியைக் கொடுக்கும்போது, கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்து, இதை ஒரு தடவை செய்து காட்டிவிட்டு விமானம் ஏறுங்கள்.