பிரசவ அறையில் பொம்மைக்கு என்ன வேலை?

தாயின் வயிற்றில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலில் திரவம்தான் நிரம்பியிருக்கும். பிறந்ததும் முதல் சில மூச்சுகளின் விசையில் அந்தத் திரவம் சுற்றியுள்ள திசுக்களுக்குள் தள்ளப்பட்டு, அங்கே காற்று நிறைகிறது. பெரும்பாலான குழந்தைகள் இதை அழுதுகொண்டே தாமாகச் செய்துவிடும். ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்குக் கொஞ்சம் உதவி வேண்டியிருக்கும். ஈரம் போகத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டாலே அவற்றில் பல மூச்செடுத்துவிடும். அதற்கும் மூச்செடுக்காத குழந்தைக்குத்தான் பையும் முகமூடியும்: முகமூடியை முகத்தில் பொருத்தி, பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்துவார்கள். பிறந்த ஒரு நிமிடத்துக்குள் காற்றைச் செலுத்தத் தொடங்க வேண்டும். அந்த அவகாசத்தைப் ‘பொன்னான நிமிடம்’ என்கிறார்கள்.

படிக்கும்போது இது எளிதாகத்தான் இருக்கும். பையைக் கையில் எடுத்தால்தான் சிரமம் புரியும். பச்சிளங்குழந்தையின் பின்மண்டை பெரியது. சாதாரணமாக மல்லாக்கப் படுக்கவைத்தால் கழுத்து முன்னால் மடங்கி மூச்சுப்பாதை அடைபடும். தலையை அதிகமாகப் பின்னால் சாய்த்தாலும் அடைபடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முகமூடியை அழுத்திப் பிடிக்க, மற்ற விரல்கள் தாடையைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். விளிம்பில் சிறு இடைவெளி இருந்தாலும் காற்று கன்னத்தோரமாகக் கசிந்துவிடும். பதற்றத்தில் பையை அழுத்திக்கொண்டே இருப்பவருக்கு அது தெரியாது. அவர் கண் குழந்தையின் மார்பில் இருக்க வேண்டும். மார்பு ஏறி இறங்கினால்தான் காற்று உள்ளே போகிறது என்று பொருள். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை இப்படிச் செலுத்த வேண்டும்.

2010-ல் தொடங்கிய ‘ஹெல்பிங் பேபீஸ் பிரீத்’ (குழந்தைகள் மூச்சுவிட உதவுதல்) பயிற்சியில் இதற்காகவே ‘நியோநேட்டலி’ என்ற பொம்மை பயன்படுகிறது. உள்ளே தண்ணீர் நிரப்பினால் பச்சைக் குழந்தையின் கனமும் துவளலும் அதற்கு வந்துவிடும். தலையைச் சரியாக வைத்து, முகமூடியும் ஒட்டிப் பொருந்தினால்தான் மார்பு எழும். பயிற்றுநர் தன் கையிலுள்ள குமிழை அழுத்த அழுத்தத் தொப்புள்கொடி துடிக்கும். செய்த பிழை அந்த நொடியே கண்ணுக்குத் தெரிவதால் கை தானே திருத்திக்கொள்ளக் கற்கிறது.

ஆனால் பொம்மையோடு ஒரு நாள் வகுப்பு நடத்திவிட்டால் போதுமா? தான்சானியாவின் ஹைடம் மருத்துவமனையில் 2010-ல் அப்படி ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஏழு மாதம் கழித்துச் சோதித்தபோது, பொம்மையிடம் எல்லோரும் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். உண்மையான பிரசவங்களிலோ நடைமுறை மாறவே இல்லை. அதன்பின் பயிற்சியைப் பிரசவ அறைக்கே கொண்டுவந்து, அடிக்கடி, சில நிமிடங்களே எடுக்கும் ஒத்திகைகளாக நடத்தினார்கள். முதல் 24 மணி நேரத்தில் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆயிரத்துக்கு 11.1-லிருந்து 7.2 ஆகக் குறைந்தது. என்னைப் பொறுத்தவரை, இந்தத் துறையில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய முடிவு இதுதான். மூச்சு விடாத குழந்தை ஒரு செவிலியரிடம் தினமும் வருவதில்லை. பயன்படாத கைப்பழக்கம் சில மாதங்களில் மங்கிவிடும். சான்றிதழில் உள்ள தேதியை வைத்துக்கொண்டு ஒருவரைப் ‘பயிற்சி பெற்றவர்’ என்று எண்ணுவது ஆபத்தானது.

குழந்தைக்கு மட்டுமல்ல, தாய்க்காகவும் ஒத்திகை தேவை. பிரசவத்துக்குப் பின் தாய்க்கு ஏற்படும் மிகை ரத்தப்போக்கைத் தனி ஒருவரால் சமாளிக்க முடியாது. கருப்பையைப் பிசைந்துவிட வேண்டும். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடாசினும், ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் டிரனெக்ஸாமிக் அமிலமும் போட வேண்டும். சிரை வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும். ரத்தம் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். “யாராவது ஆக்ஸிடாசின் போடுங்க” என்று பொதுவாகச் சொன்னால், அடுத்தவர் போட்டிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிடுவார்கள். ஒத்திகையில் ஆளைப் பெயர் சொல்லி அழைக்கவும், “பத்து யூனிட், தசையில் போட்டாச்சு” என்று பதில் வாங்கவும் பழகுகிறார்கள்.

இன்னொரு சிக்கல், துணியில் ஊறிய ரத்தத்தைக் கண்ணால் பார்த்து அளவிடுவது. பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே தோன்றும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-ல் வெளியான ‘இ-மோடிவ்’ ஆய்வில், அளவுக்கோடுகள் உள்ள விரிப்பைத் தாய்க்கு அடியில் விரித்து ரத்தத்தைச் சேகரித்தார்கள். சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்க்காமல் ஒரே தொகுப்பாகக் கொடுத்தார்கள். கூடவே ஊழியர்களுக்குப் பயிற்சியும் நடந்தது. மிகை ரத்தப்போக்கைக் கண்டறிவது வழக்கமான முறையில் 51 சதவீதமாக இருக்க, இங்கே 93 சதவீதமாக இருந்தது. கடும் ரத்தப்போக்கும் அதன் மோசமான விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன.

ஒத்திகையானாலும் உண்மையான பிரசவமானாலும், முடிந்ததும் குழுவாக உட்கார்ந்து சில நிமிடம் பேசுவது பயிற்சியின் பகுதிதான். உதவிக்கு எப்போது அழைத்தோம், மருந்து எடுக்க ஏன் தாமதமானது, குழந்தைக்குக் காற்றுச் செலுத்தும் பை எங்கே இருந்தது என்று கேட்டுக்கொள்கிறார்கள். பூட்டிய அலமாரியில் இருந்தது என்று பதில் வந்தால், அன்றே அதை எடுத்துக் குழந்தையைக் கிடத்தும் மேசையருகே வைத்துவிடலாம்.