ஹார்ட் பிளாக்: எது அடைத்தது?

போன மாதம் காரைக்குடியில் அப்பத்தாவுக்கு இ.சி.ஜி. எடுத்தோம். கூட வந்த தமிழ்க் குறிப்பில் ‘முதல் தர இதய அடைப்பு’ என்று அச்சாகியிருந்தது. சாயங்காலத்துக்குள் தேவகோட்டைச் சொந்தமெல்லாம் முகப்பில் கூடிவிட்டது. “முதல் தரமாவுல்ல அடைச்சிருக்காம்!” என்றார் பெரியாத்தா. அப்பத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “எனக்கு ஒண்ணும் செய்யலையேப்பா” என்றார்.

அவர் சொன்னதுதான் சரி.

‘இதய அடைப்பு’ என்பது ஆங்கில ‘ஹார்ட் பிளாக்’கின் மொழிபெயர்ப்பு. பிளாக் என்றால் ஆதியில் மரக்கட்டை. வழியில் கிடந்தால் தடை. 1880களில் ஆங்கிலேய உடலியல் அறிஞர் கேஸ்கெல் ஆமையின் இதயத்தை ஆராய்ந்தபோது, மேலறைத் துடிப்பு கீழறைக்கு இறங்காமல் நிற்பதற்கு இந்தச் சொல்லை ஆண்டார். துடிப்பை மேலிருந்து கீழே கொண்டுவருவது இதயத்துக்குள் ஓடும் மின்சாரம். தடை அதில்தான், ரத்தக்குழாயில் இல்லை.

நமக்கோ அடைப்பு என்றாலே குழாய்தான். சாக்கடை அடைப்பு, மூக்கடைப்பு, மாரடைப்பு. ‘இதய அடைப்பு’ என்று எழுதினால் ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்றுதான் புத்தி ஓடும். இதில் பயம்கூடப் பரவாயில்லை, அலட்சியம்தான் ஆபத்து. எதிர்வீட்டு ஐயா கண்ணிருட்டி விழுந்தார், நாடி நிமிடத்துக்கு 34. ‘முழு இதய அடைப்பு’ என்றது சீட்டு. “ஆஞ்சியோல அடைப்பே இல்லைன்னுட்டாங்களே” என்று வீட்டார், இதயத்தை மின்சாரத்தால் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவிக்கு இரண்டு நாள் சம்மதிக்கவில்லை.

‘இதய மின்தடை’ என்று திருத்துகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். மின்தடை என்றால் தெருவில் கரண்ட் கட். பள்ளிப் பாடத்தில் ஓம் கணக்கு. இரண்டும் இங்கே பொருந்தாது. என் ஓட்டு ‘மின்கடத்தல் தடை’க்கே. கடத்தல் என்றால் தங்கக் கடத்தல் ஞாபகம் வருகிறதாம்! செம்புக் கம்பியை மின்கடத்தி என்று படித்தவர்கள்தானே எல்லோரும்?

‘தரம்’ அரிசிக்கு. இங்கே ‘படி’ போதும். முதற்படியில் எதுவும் நிற்பதில்லை, மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் வந்துசேர ஆகும் நேரம் (இ.சி.ஜி.யில் பி.ஆர். இடைவெளி) 0.20 நொடியைத் தாண்டும், அவ்வளவே. பெரும்பாலும் வைத்தியம் வேண்டாம், கவனித்து வந்தால் போதும். இரண்டாம்படியில் சில துடிப்புகள் கீழே இறங்காது; அதில் முன்னறிகுறி இல்லாமல் துடிப்பு விட்டுப்போகிற ‘மோபிட்ஸ் இரண்டாம் வகை’ பொல்லாதது. மூன்றாம்படியில் ஒன்றுமே இறங்காது. கீழறை தன் பாட்டுக்கு மெதுவாகத் துடிக்கும். மயக்கம், திடீர் மரணம் வரை போகலாம்.

அகராதியைப் புரட்டுகிற மொழிபெயர்ப்பாளர் தான் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கக் கூடாதா? அப்பத்தாவின் சீட்டில் அடித்து ‘மின்கடத்தல் தாமதம், முதற்படி’ என்று எழுதினேன். ஆங்கிலத்துக்கே இங்கே பிளாக் பொருந்தவில்லை, நாம் ஏன் சுமப்பது?

பெரியாத்தா வாங்கிப் படித்தார். “கரண்டு கொஞ்சம் மெதுவா வருதுங்கிறியா?”

“ஆமா பெரியாத்தா.”

“இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?”