ஒரு கிராப் சவாரிக்கு எத்தனை வாழையிலைச் சாப்பாடு?

செலவைக் குறைக்க ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் பலர், "எதை நிறுத்தலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு வரும் பதில் இரண்டு வாரம்கூட நிற்பதில்லை. "இதில் ஒன்றை விட்டால், அதில் எத்தனை கிடைத்தால் மனசு சமாதானமாகும்?" என்று கேட்டுப் பாருங்கள். பொருளியலாளர் எட்ஜ்வொர்த் 1881-இல் அறிமுகப்படுத்திய சமநோக்கு வளைகோடு, அதாவது ஒரே அளவு திருப்தி தரும் சேர்க்கைகளை இணைக்கும் கோடு, இந்தக் கேள்வியின் வரைபடம்தான். மகிழ்ச்சிக்கு மதிப்பெண் போடத் தேவையில்லை, "இரண்டும் எனக்கு ஒன்றுதான்" என்று சொல்லத் தெரிந்தால் போதும் என்பதை 1934-இல் ஹிக்ஸ், ஆலன் என்ற பொருளியலாளர்கள் தெளிவாக்கினார்கள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு இருக்கும் ஒருவருக்கு, வாடகையும் கடன் தவணையும் போக மாதம் 240 வெள்ளி (ரிங்கிட்) கையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாழையிலைச் சாப்பாடு 12 வெள்ளி, செயலியில் அழைக்கும் கிராப் வாடகைக் கார் சவாரி 15 வெள்ளி. எல்லாமே சாப்பாடு என்றால் 20, எல்லாமே சவாரி என்றால் 16. இந்த இரு புள்ளிகளையும் இணைப்பது வரவு செலவுக் கோடு. அதன் சாய்வுப்படி ஒரு சவாரியின் விலை ஒன்றேகால் சாப்பாடு. இது கடைத்தெரு சொல்லும் வீதம்.

அவர் இப்போது 12 சவாரி, 5 சாப்பாட்டில் இருக்கிறார். சவாரிகளை ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். சோம்பலில் பிடித்த காலைச் சவாரியை விட்டுக்கொடுக்க ஒரு சாப்பாடு போதும் என்பார். கடைத்தெரு ஒன்றேகால் தருகிறதே, விட்டால் லாபம். அடுத்த மூன்றும் அப்படித்தான். ஐந்தாவது, இரவு வேலை முடிந்து மழையில் வீடு திரும்பும் சவாரி. அதற்கு இரண்டு சாப்பாடு கேட்பார். அங்கே நிறுத்திவிட வேண்டும். 8 சவாரி 120 வெள்ளி, 10 சாப்பாடு 120 வெள்ளி. குறையக் குறைய மிச்சமிருப்பதன் அருமை கூடுகிறது. சமநோக்கு வளைகோடு தோற்றுவாயை (இரண்டும் பூஜ்ஜியமான மூலையை) நோக்கிக் குவிந்திருப்பது இதனால்தான். செலவு இங்கே பாதிப் பாதியாக வந்தது தற்செயல். பாதிப் பாதியாகப் பிரிப்பதையே விதி என்று பிடித்துக்கொள்வது, நான் அடிக்கடி பார்க்கும் பிழை.

இன்னொன்று, இந்தக் கணக்கைப் பசியோடு போடாதீர்கள். திங்கள்கிழமை ஒரு வீதமும் ஞாயிற்றுக்கிழமை வேறொரு வீதமும் வந்தால், விருப்பமே மாறியிருக்கிறது என்று பொருள். விருப்பம் மாறாதவரை ஒருவரின் சமநோக்கு வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டாது. வேலைநாளுக்கும் விடுமுறைக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

மை50 என்ற மாதப் பயண அட்டை வரவு செலவுக் கோட்டின் வடிவத்தையே மாற்றிவிடும். 50 வெள்ளி முதலிலேயே போய்விடுகிறது. பிறகு 30 நாளைக்கு எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் ஆகிய நகர ரயில்கள், ரேபிட் பேருந்து எதற்கும் கூடுதல் காசில்லை. "போட்ட காசை எடுக்கணும்" என்று தேவையில்லாமல் சுற்றுவது தவறு. அட்டை வாங்கிய பிறகு ரயிலின் விலை உங்கள் நேரம் மட்டும்தான்.

அதிகம் குழப்பம் வருவது உதவித்தொகையில். 2025 ஆகஸ்ட் 31 முதல் டிசம்பர் 31 வரை பயன்படுத்தும்படி, 18 வயதும் அதற்கு மேலும் ஆன மலேசியக் குடிமக்களின் மைகாட் அடையாள அட்டையில் 100 வெள்ளி சாரா என்ற அரசு உதவி வந்தது. அடிப்படைப் பொருளுக்கு மட்டும்தான் அது செல்லுபடியானது. வரவு செலவுக் கோட்டில் இது ஒரு முறிவை உண்டாக்கும்: அந்த 100 வெள்ளியை வேறு எதற்கும் திருப்ப முடியாது. ஆனால் அரிசி, முட்டை போன்ற அடிப்படைப் பொருளுக்கு ஏற்கெனவே மாதம் 300 வெள்ளி செலவழிக்கும் வீட்டுக்கு அந்த முறிவு தட்டுப்படவே தட்டுப்படாது. அவர்களுக்கு அது ரொக்கம் மாதிரிதான். இது தெரியாமல் "இலவசம்தானே" என்று வழக்கமாக வாங்காததையெல்லாம் தள்ளுவண்டியில் போடுகிறார்கள். இப்படி உதவி வரும்போது வழக்கமான சாமானையே வாங்கிவிட்டு, மிச்சமான சொந்தக் காசு 100 வெள்ளியை அன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள்.

தனியாக இருக்கும் பெரியவருக்கு மாதச் சாமான் 60 வெள்ளிக்குள் முடிந்துவிட்டால் முறிவு உண்மையாகவே இடிக்கும். மீதி 40-ஐ அவர் அடுத்த மாதத்துக்கு விடலாம், காலக்கெடுவுக்குள் செலவழித்தால் சரி. கடைசி மாதமாகிவிட்டால், கெட்டுப்போகாத பொருளாக, எப்படியும் பிறகு வாங்கப்போவதை இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.